அப்பாவின் ஈஸ்வராவில் ஒரு வானொலி

காலை 6 மணிக்கு நான் கோலாலம்பூரில் ஒலிவாங்கியின் முன்னால் உட்காருவேன். அதே நேரத்தில் கிள்ளானில் என் அப்பா காடியை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்புவார். அவர் என் நிகழ்ச்சியைக் கேட்பது காடியில் மட்டும்தான். வீட்டு அடுப்படியில் இருக்கும் வானொலி அம்மாவுக்குச் சொந்தம். அதன் முள்ளை யாரும் தொடக்கூடாது. கைப்பேசியில் செயலி போட்டுக் கொடுத்தேன். "இது போன். ரேடியோ இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

27 ஆண்டுகள் பள்ளி வேன் ஓட்டியவர். வேன் விற்றாகிவிட்டது. மிச்சம் இருப்பது 1996-ஆம் ஆண்டு புரோட்டோன் ஈஸ்வரா ஒன்று. மீன் வாங்கி, ஒட்டுக்கடையில் பசியாறி, நாளிதழ் வாங்கிக்கொண்டு, மரத்தடியில் காடியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு, நான் விடைபெறும் வரை கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார். சாயங்காலம் போன் வரும். "ஏழே காலுக்கு ஒரு ஊர் பேரத் தப்பாச் சொன்ன." "அந்தப் பாட்டப் பாதியில வெட்டிட்ட." எல்லாவற்றையும்விட அடிக்கடி வருவது இது: "உன் குரல் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது பாப்பா. பரந்து பரந்து போவுது."

இந்தக் கடைசிக் குறையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மூச்சுப் பயிற்சி செய்தேன். ஒலிவாங்கிக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்து பார்த்தேன். ஒருமுறை ஒலிப்பதிவுக் கூடத் தொழில்நுட்பாளரிடமே கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

திடீரென்று மூன்று வாரமாக அந்தப் போன் வரவில்லை. கோபமோ என்று நினைத்தேன். அம்மாதான் உண்மையைச் சொன்னார். "காடியில ரேடியோ செத்துப் போச்சு. ஒன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு."

அந்தச் சனிக்கிழமையே அவரை ஒரு உபரிப்பாகக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் ஸ்டீயரிங்கின் கீழே தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "இது யார் செய்த வேலை?" என்றார். அப்பா எதிர்ப்பக்கம் இருந்த டயர் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மொத்த ஒயரையும் மாற்ற வேண்டும், வானொலியோடு சேர்த்து 600 வெள்ளி ஆகும், அதற்குப் பதில் காடியையே விற்றுவிடலாம் என்பது கடைக்காரரின் யோசனை. அப்பா கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அது யார் செய்த வேலை என்று எனக்குத் தெரியும். 1998-ல், கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்த வருடம், எங்கள் வீட்டு முன்கூடத்தில் அப்பா தன் கையாலேயே அந்த வானொலியைப் பொருத்தினார். கதவு அட்டையில் வட்டமாக ஓட்டை போட்டு ஸ்பீக்கர் வைத்ததும் அவர்தான். டார்ச் பிடித்தது ஒன்பது வயது நான்.

"நாமளே போடலாம்பா" என்றேன். ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள்தான். தகவல் தொடர்புக் கோட்பாடுகளை மணிக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒயரைச் சீவுவது எப்படி என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதல் அடியே சறுக்கியது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்கும் கார்களைப் பிரித்து விற்கும் ஆஃப்கட் கடைகள் நம் வட்டாரத்தில் உண்டு. அப்படி ஒன்றில், பளபளவென்று இருந்த பழைய ஜப்பான் வானொலிப்பெட்டி ஒன்றை 80 வெள்ளிக்கு வாங்கினேன். கடைக்காரர் அங்கேயே மின்கலத்தில் மாட்டி விளக்கு எரிவதைக் காட்டினார். வீட்டுக்குக் கொண்டுவந்து தற்காலிகமாக ஒயரைச் சுற்றிப் பார்த்தால், அலைவரிசை எண் 76-ல் தொடங்கி 90-ல் போய் நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. மறுபடி 76.

ஜப்பானில் பண்பலை வானொலிக்கு ஒதுக்கிய இடமே வேறு. அங்கே 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ். பிறகு 95 வரை நீட்டினார்கள். நமக்கு 87.5 முதல் 108 வரை. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் அல்பார்ட் வாங்கியவர்களுக்கு இந்த வேதனை தெரிந்திருக்கும். லட்சக்கணக்கில் விலை கொடுத்த வண்டியில், நம் ஊர் நிலையங்களில் பாதிக்கு மேல் வராது. எங்கள் நிலையம் தொண்ணூறுகளின் மேல் பாதியில் இருக்கிறது. ஆக, வானொலி அறிவிப்பாளர் தேடி வாங்கிய வானொலியில் அவருடைய நிலையமே கிடைக்காது.

இதற்கு மருந்து உண்டு. ஏரியல் ஒயருக்கும் வானொலிக்கும் நடுவில் விரல் நீளத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினால், அது அலைவரிசையை 20 மெகாஹெர்ட்ஸ் போலக் கீழே இறக்கித் தரும். 100-ல் வருவது 80 என்று திரையில் தெரியும். விலையும் அதிகமில்லை. இதை அப்பாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உன் நெலயத்தோட நம்பர் மாறிடுமா?" என்றார்.

"திரையில மட்டும்பா."

"வேணாம். நீ ஒரு நம்பரச் சொல்லுவ, காடி ஒரு நம்பரக் காட்டும். சரி வராது."

80 வெள்ளி போனது போனதுதான். அந்தப் பெட்டி இப்போது என் அறையில் புத்தகங்கள் சரியாமல் முட்டுக்கொடுக்கிறது.

நான் குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில். ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்த இடம். 1881-ல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைக் கெடுத்த பிறகு, அத்தாப்புக்கும் பலகைக்கும் பதிலாகச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்று முடிவானபோது நகரத்துக்குச் செங்கல் கொடுத்த ஊர். பிறகு ரயில்வேக்காரர்களின் ஊர். 2010-ல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து லிட்டல் இந்தியாவாகத் திறந்துவைத்த பிறகு, வளைவுகளும் வண்ணங்களுமாக இருக்கிறது. ஆனால் எனக்கு இந்த ஊர் முதலில் காதால்தான் பழக்கம். ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு கடையின் பாட்டு முடிவதற்குள் அடுத்த கடையின் பாட்டு தொடங்கிவிடும். நடுவில் மோனோரயிலின் உறுமல். நடைபாதையில் வெள்ளைக் கோல்கள் தட்டும் சத்தம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. அதனால் நடைபாதையில் மேடு மேடாக மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்கள். அதன் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

இங்கிருந்து வானொலிச் சாமான் வாங்கப் போகும் வழி சுலபம். துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரயில் ஏறி, ஹங் துவாவில் இறங்கி, எல்ஆர்டி மாறினால் அடுத்த நிலையம் புடு. அங்கிருந்து நடந்தால் ஜாலான் பாசார். பேரைக் கேட்டுக் காய்கறி வாங்கலாம் என்று போனால் ஏமாற்றம்தான். மின்னியல் பொருள்களுக்குப் பேர்போன தெரு. மிளகாய், மல்லி, சீரகம் கொட்டி வைப்பதுபோல ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் சின்னச் சின்னப் பெட்டிகளில் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஒயரை மீட்டர் கணக்கில் அளந்து வெட்டித் தருகிறார்கள்.

அங்கே ஒரு கடையில் முதலாளிக்கு அப்பாவின் வயதிருக்கும். நான் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்ததை வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்து ஒன்றை அடித்தார், இரண்டைச் சேர்த்தார். அடித்தது காந்தம் பெரிதான ஒரு ஸ்பீக்கர். "பழைய காடி, பழைய கதவு. கதவுதான் ஆடும்" என்றார் மலாயில். சேர்த்தது, பியூஸ் வைக்கும் கூடு ஒன்றும், தகரத்தின் ஓட்டையில் மாட்டும் ரப்பர் வளையம் ஒன்றும். இரண்டும் சேர்ந்து 5 வெள்ளிகூட இல்லை. "பாஸ், இது அவசியமா?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "மிஸ், பியூஸ் ரேடியோவைக் காப்பாற்ற இல்லை. ஒயரைக் காப்பாற்ற. ஒயர் உங்களைக் காப்பாற்ற."

அடுத்த சனிக்கிழமை, கிள்ளான் வீட்டில், அவர் சொன்னது புரிந்தது.

முதல் வேலை மின்கலத்தின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது. நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. பிறகு பழைய வானொலியை வெளியே இழுத்தோம். பின்னாலேயே ஒரு கூடை நூடுல்ஸ் மாதிரி ஒயர் வந்தது. எல்லாம் ஒரே நிறம். வீட்டு விளக்குக்குப் போடும் இரட்டை வெள்ளை ஒயர்.

இப்போது விற்கும் வானொலிகளில் நிறம்தான் மொழி. மஞ்சள், எந்நேரமும் மின்சாரம் இருக்கும் ஒயர். கடிகாரமும் நிலையங்களின் நினைவும் இதனால்தான் அழியாமல் இருக்கின்றன. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வருவது. கறுப்பு, வண்டியின் உடம்போடு சேர்க்க வேண்டியது. வெள்ளை இடது முன், சாம்பல் வலது முன், பச்சை இடது பின், ஊதா வலது பின். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு ஒயர். கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்தால் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் நிலையங்களை மறந்துபோகும். இரண்டையும் சேர்த்து நேரே மின்கலத்துக்குக் கொடுத்தால், வானொலியை அணைக்க மறந்த ராத்திரி மின்கலம் செத்துவிடும்.

"இதுல எது எதுன்னு எப்படிப்பா தெரியும்?" என்றேன் அந்த வெள்ளைக் கும்பலைப் பார்த்து.

அப்பா கண்ணாடியைக்கூடப் போடவில்லை. கையை உள்ளே விட்டுத் தடவினார். "ஒரு முடிச்சு இடது. ரெண்டு முடிச்சு வலது. மூணு, பின்னால இடது. நாலு, பின்னால வலது. முடிச்சு இல்லாதது கரண்டு."

உண்மையிலேயே முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். கலர் ஒயருக்குக் காசில்லாத காலம். ஸ்டீயரிங்கின் கீழ் இருட்டில் நிறம் தெரியாது, விரலுக்கு முடிச்சு தெரியும் என்றார். 26 வருடமாக அந்தக் கணக்கை மறக்கவுமில்லை. மல்டிமீட்டர் வைத்துச் சோதித்தேன். நான்கும் சரியாக இருந்தன.

ஏரியலும் அவர் வேலைதான். உண்மையான ஏரியலை யாரோ ஒடித்துவிட்டுப் போக, அந்த இடத்தில் சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்திச் செருகியிருந்தார். சிரித்துக்கொண்டே அளந்து பார்த்தேன். 70 சென்டிமீட்டரைத் தாண்டியது. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். ஏரியலுக்கு அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் பொருத்தம். கெந்திங் பக்கம் 1,700 மீட்டருக்கு மேல் நிற்கும் கூனோங் உலு காலி மலையிலிருந்து கிளம்புகிற நம் நிலையங்கள், கிள்ளானில் ஒரு சட்டைக் கம்பியில் இத்தனை வருடம் இறங்கியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் முடிச்சு இல்லாத ஒயர் விஷயம் வேறு. அது மின்கலத்திலிருந்து கிளம்பி, இஞ்சினுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் தகரத்தில் அப்பா போட்ட ஓட்டை வழியாக உள்ளே வந்தது. ரப்பர் வளையம் இல்லை. பியூஸ் இல்லை. ஓட்டையின் விளிம்பு இத்தனை வருடமாக ஒயரின் தோலை அராவிக்கொண்டே இருந்திருக்கிறது. டார்ச்சை அடித்தபோது உள்ளே செம்பு மின்னியது.

அந்தச் செம்பு தகரத்தைத் தொட்டிருந்தால் என்ன ஆகும்? கார் மின்கலத்தின் 12 வோல்ட் நம் கையைச் சுடாது. ஆனால் நேராகத் தகரத்தோடு சேர்ந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மெல்லிய ஒயர் அடுப்புக் கம்பியாகப் பழுத்துவிடும். பியூஸ் இருந்தால் அதற்கு முன்பே அறுந்துபோகும். அது மின்கலத்திலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். வானொலிக்குப் பின்னால் இருக்கும் பியூஸ், வழியில் நடக்கும் விபத்தைத் தடுக்காது. மோட்டோரோலாவைத் தொடங்கிய பால் கால்வின் 1930-ல் கார் வானொலி விற்கக் கிளம்பினாரல்லவா, கடன் கேட்டுப் போன வங்கிக்காரரின் பேக்கார்ட் காரில் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தாராம், அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்ததாம் என்று ஒரு கதை சொல்வார்கள். கடன் கிடைக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கதையை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. டார்ச்சை மட்டும் அவரிடம் கொடுத்தேன். அவர் போனட்டுக்குள் குனிந்து நெடுநேரம் பார்த்தார். எங்களை டியூஷனுக்கு அழைத்துப்போன காடி. ஒருமுறை அம்மாவைப் பின்னிருக்கையில் படுக்க வைத்து நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓட்டிய காடி.

"26 வருசம் ஓடியிருக்கு" என்றார் கடைசியில். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு வாயில் நிறைய இருந்தது. வேலையே பேசுவதுதானே. ஆனாலும் ஒயர் வெட்டும் குறடைத் தேடுவதுபோலக் கருவிப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"குடு, அத நானே வெட்டுறேன்" என்று கையை நீட்டினார்.

அதன் பிறகு வேலை சீக்கிரம் நடந்தது. புதுச் சிவப்பு ஒயர், மின்கலத்துக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் பியூஸ், ஓட்டையில் ரப்பர் வளையம். புதிதாக வாங்கிய 160 வெள்ளி வானொலி, பழையதன் இடத்திலேயே கச்சிதமாக உட்கார்ந்தது. கார் வானொலியின் முகம் 18 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம் என்று ஜெர்மனியில் வகுத்த அளவை உலகமே எடுத்துக்கொண்டதன் புண்ணியம். ஒயர்களைக் கறுப்பு டேப் சுற்றி இணைக்காமல், நசுக்கி மாட்டும் இணைப்பான்களைப் போட்டேன். நம் வெயிலில் நிற்கிற காடிக்குள் டேப்பின் பசை உருகி வழுக்கிவிடும். முதலில் இஞ்சினை முடுக்கினால் வானொலியில் ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம் கூடவே ஏறி இறங்கியது. கறுப்பு ஒயரை மாட்டிய திருகாணியின் கீழே சாயம் இருந்ததுதான் காரணம். உப்புத்தாளால் தகரம் தெரியும் வரை தேய்த்து மறுபடி இறுக்கியதும் நின்றுவிட்டது.

நான்கு ஸ்பீக்கர்களையும் அப்பாவின் முடிச்சுக் கணக்குப்படியே மாட்டினேன். அங்கேதான் ஒன்றைக் கோட்டைவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. மாலையில் வரும் என் நிகழ்ச்சி முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்தது. அதனால் நானே காடியில் உட்கார்ந்து என்னைக் கேட்கலாம். அப்பா ஓட்ட, என்னை பிரிக்பீல்ட்ஸில் விட்டுவர ஏற்பாடு. தெங்கு கிளானா சாலையில் அம்மாவுக்குப் பூ வாங்கிக் கொடுத்துவிட்டு, கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறினோம்.

30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்தச் சாலையை நம்மில் பலர் திட்டிக்கொண்டேதான் கடந்திருப்போம். சுங்கை ராசாவிலும் பத்து தீகாவிலும் சில்லறை தேடிய காலம் 2018-ஆம் ஆண்டு முதல் நாளோடு முடிந்தது. அப்பா மட்டும் இன்னமும் அந்த இடங்களில் காலை எடுத்து வேகத்தைக் குறைக்கிறார். ஷா ஆலாமில் நீலப் பள்ளிவாசலின் கோபுரங்களைத் தாண்டும்போது மழை பிடித்தது. மேம்பாலத்துக்குக் கீழே மோட்டார் சைக்கிள்காரர்கள் வரிசையாக ஒதுங்கி நின்றார்கள். வானொலியில் நான் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணாடித் துடைப்பானின் சத்தத்துக்கு ஏற்ப ஒலியைக் கூட்டினார்.

கோலாலம்பூர் 1974-ல் சிலாங்கூரிலிருந்து பிரிந்ததன் நினைவாக நிற்கும் கோத்தா டாருல் ஏசான் வளைவைக் கடந்தோம். சற்றுத் தள்ளி அங்காசாபுரி. 1968-லிருந்து நம் நாட்டு வானொலியின் வீடு. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் அப்பா அந்தப் பக்கம் தலையைத் திருப்புவார். சின்ன வயதில் தோட்டத்து லயத்தில் ஒரே ஒரு பெட்டியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து கேட்ட குரல்கள் அங்கிருந்து வந்தவை. அன்றும் திருப்பினார். பிறகு சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் குரல் இன்னும் பரந்துதான் போவுது."

புது வானொலியிலுமா! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் தம்பிப்பிள்ளையில் காடியை நிறுத்தினோம். அங்கே உடம்புபிடி நிலையத்தில் வேலை செய்யும் பார்வையற்ற அண்ணன் ஒருவர் என் பழைய நேயர். கடை வாசலில் நின்றிருந்தார். என் குரலைக் கேட்டதும், "என்ன தங்கச்சி, நீங்க இங்க நிக்கிறீங்க, உள்ள காடியிலயும் பேசுறீங்க" என்றார். அப்பாவை அறிமுகப்படுத்தி, புது வானொலி போட்ட கதையைச் சொன்னேன். கேட்டுப் பார்க்கிறேன் என்று ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். பத்து விநாடிகூட ஆகவில்லை.

"அண்ணே, இதுல ஒரு ஸ்பீக்கர் தலைகீழா மாட்டியிருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார்.

"பாப்பா பேசுறது நேரா முன்னால, நடுவுல கேக்கணும். இது எங்கேயும் இல்ல. காதச் சுத்தி மெதக்குது."

அவர் சொன்னதன் விளக்கம் சுருக்கமாக இது. அறிவிப்பாளரின் குரல் இடது, வலது இரண்டிலும் ஒரே மாதிரி வரும். இரண்டு ஸ்பீக்கர்களின் கூம்பும் ஒரே நேரத்தில் முன்னால் தள்ளி, ஒரே நேரத்தில் பின்னால் இழுத்தால், குரல் இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்பதுபோலக் கேட்கும். ஒன்றின் ஒயரில் பாசிட்டிவும் நெகட்டிவும் மாறிவிட்டால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். கனத்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். குரலுக்கு இடம் இருக்காது. அப்பாவின் முடிச்சு எது எந்த ஸ்பீக்கர் என்று சொன்னதே தவிர, இரட்டை ஒயரில் எது பாசிட்டிவ் என்று சொல்லவில்லை. இரண்டும் வெள்ளை. நானும் சோதிக்கவில்லை.

சோதிப்பது எளிது. வானொலியிலிருந்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, அதில் 1.5 வோல்ட் மின்கலத்தை ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். பாசிட்டிவ் பாசிட்டிவில் பட்டால் கூம்பு வெளியே வரும். மாறினால் உள்ளே போகும். எங்களிடம் சின்ன மின்கலம் இல்லை. அண்ணன் உள்ளே போய், மணி சொல்லும் தன் கடிகாரத்திலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். கதவு ஸ்பீக்கரின் மூடியை அப்பா எடுத்தார். தெருவிளக்கு வெளிச்சத்தில் கூம்பு அசைவது எங்கள் இருவர் கண்ணுக்கும் பிடிபடவில்லை. அண்ணன் விரல் நுனியைக் கூம்பின் மேல் பட்டும் படாமலும் வைத்தார். நான் மின்கலத்தைத் தொட்டேன். ‘டக்’.

"வெளிய வருது. இது சரி."

வலப்பக்கக் கதவு. ‘டக்’.

"உள்ள போவுது. இதான்."

பின்னால் இருந்த இரண்டும் சரியாக இருந்தன. இணைப்பானைக் கழற்றி ஒயரை மாற்றி மாட்ட இரண்டு நிமிடம். அதற்குள் நிகழ்ச்சி முடியும் தறுவாய். ஒலியைத் திறந்தோம். நான் நேயர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன், ஸ்டீயரிங்குக்குச் சற்றே இடப்பக்கம், கண்ணாடிக்கு முன்னால், ஒரே இடத்தில். நானே அப்படி என்னைக் கேட்டதில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் எப்போதும் காதணி ஒலிவாங்கியில் தலைக்குள்தான் கேட்கும்.

அப்பா ஒன்றும் பேசாமல் கதவு மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அண்ணன் தன் மின்கலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த முடிச்சு விஷயத்தை நான் சொன்னதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். கையை நீட்டச் சொல்லி, மிஞ்சிய துண்டு ஒயரில் ஒரு முடிச்சு போட்டுக் காட்டினார். "அடுத்த தடவ பாசிட்டிவ் ஒயர்ல நுனியில ஒரு சின்ன முடிச்சு சேத்துப் போட்டுடுங்கண்ணே. அப்புறம் கண்ணே வேணாம்."

"அப்ப இத்தனை வருசமா என் குரல் பரந்து போனதுக்கு அந்த ஒயர்தானேப்பா காரணம்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். மூச்சுப் பயிற்சிக்குக் கட்டிய காசு ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா சாவியைத் திருப்பினார். "ஒயரும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. 8 மணிச் செய்திக்கு முன்னால் நான் வேகமாகப் பேசிவிட்டேனாம். அதோடு, பக்கத்து வீட்டு மாமாவின் வேனிலும் வானொலி கரகரக்கிறதாம். வரும் சனிக்கிழமை நாங்கள் இருவரும் வந்து பார்ப்பதாக அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஜாலான் பாசார் பக்கம் போனால் பியூஸ் கூடு இரண்டு சேர்த்து வாங்கி வரச் சொன்னார்.